மெர்செட் ஆற்றங்கரையில் கூடாரம்: யோசெமிட்டி பள்ளத்தாக்கு முகாம்களில் தங்குவதற்கு முழுமையான வழிகாட்டி

மெர்செட் ஆறு கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் பனியில் பிறக்கிறது. நெவாடா, வெர்னல் என்று இரண்டு அருவிகளாக விழுந்து, யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்குத் தரையைத் தொட்டதும் வேகம் தணிந்து, மணல் கரைகளோடு வளைந்து போகிறது. அந்த வேகம் தணிகிற இடத்தில்தான் அப்பர் பைன்ஸ், லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ் என்ற மூன்று முகாம்கள் இருக்கின்றன. கோடையில் இவற்றில் ஓர் இரவுக்கு இடம் பிடிப்பது, தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுப்பதைப் போன்றது.

காட்டின் தனிமையை நாடிப் போகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் துணிச்சுவர் மட்டுமே இடையில் இருக்க, ஒன்றையொன்று ஒட்டி வாழ்கின்றன. பக்கத்துக் கூடாரத்துக் குழந்தை இருமினால் உங்களுக்குக் கேட்கும். அதைத் தெரிந்துகொண்டு போனால் இதைவிட நிறைவான விடுமுறை கிடையாது என்பது பலமுறை அங்கே தங்கிய என் எண்ணம். பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. மீதி, அக்கம்பக்கத்தாரோடும் ஆற்றோடும் கரடியோடும் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில், மாதத்தை முடிவு செய்யுங்கள்

தேதியைப் பார்ப்பதற்கு முன் எதற்காகப் போகிறீர்கள் என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். அருவிதான் முக்கியம் என்றால் மே, ஜூன். 739 மீட்டர் உயரமுள்ள யோசெமிட்டி அருவி அப்போது இடி முழக்கத்தோடு விழும். ஆகஸ்டுக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். ஆனால் அருவி நிரம்பியிருக்கும் அதே நாட்களில் ஆற்றில் கால் வைக்க முடியாது. குழந்தைகள் ஆற்றில் விளையாட வேண்டும் என்றால் ஜூலை இறுதிக்குப் பிறகு போவதே நல்லது. கொசு தொல்லை ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் அதிகம். ஈரம் மிகுந்த ஆற்றோரத் தளங்களில் (தளம் என்பது முகாமில் ஒரு குடும்பம் கூடாரம் போடும் இடம்) இன்னும் அதிகம்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது செப்டம்பரின் வார நாட்கள். ஆறு ஒடுங்கித் தெளிந்திருக்கும், கூட்டம் ஓரளவு குறைந்திருக்கும், கொசு இருக்காது.

பள்ளத்தாக்கின் தரை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி உயரம். ஜூலையில் பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் இரவு 13, 14 டிகிரிக்கு இறங்கிவிடும். மே மாத இரவுகளில் 6, 7 டிகிரிதான் இருக்கும். ஆற்றோரத்தில் அந்தக் குளிர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

மூன்று முகாம்களில் எது?

நார்த் பைன்ஸ் ஆற்றின் வடகரையில், டெனாயா ஓடை மெர்செட்டில் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் நீரோசை கேட்கும். மூன்றில் அழகானது இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. எதிர்க்கரையில் லோயர் பைன்ஸ். சிறியது, மரங்களுக்கிடையில் ஹாஃப் டோம் பாறை தெரியும். இரண்டையும் கிளார்க்ஸ் பாலம் இணைக்கிறது. இவ்விரண்டும் குளிர்காலத்தில் மூடப்படும்.

அப்பர் பைன்ஸ் 230க்கும் மேற்பட்ட தளங்கள் கொண்ட பெரிய முகாம். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். ஆற்றிலிருந்து சற்றுத் தள்ளியிருப்பதால் இரண்டாம்தரம் என்று ஒதுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் நடந்தால் ஆறு, இன்னும் சற்று நடந்தால் வெர்னல் அருவிக்கான பாதை தொடங்கும் ஹாப்பி ஐல்ஸ். முதல்முறை போகிறவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பும் இதில்தான் அதிகம்.

நான்காவதாக ஒன்று உண்டு: கேம்ப் 4. பாறை ஏறுபவர்களின் வரலாற்றுப் புகழ் பெற்ற முகாம். அங்கே ஒரே தளத்தை முன்பின் அறியாதவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். கூடாரத்தின் அருகில் வண்டியை நிறுத்த முடியாது. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றதாகாது.

இந்த முகாம்களில் இடம் ஏன் இவ்வளவு அரிது என்பதற்கு ஒரு காரணம் ஆறேதான். 1997 ஜனவரியில் வெதுவெதுப்பான மழை பனிமீது பெய்து, மெர்செட் பெருக்கெடுத்தது. அப்பர் ரிவர், லோயர் ரிவர் என்ற இரண்டு முகாம்கள் அடியோடு போயின. லோயர் பைன்ஸில் பெரும்பகுதி அழிந்தது. அவற்றைப் பழைய இடத்திலேயே திரும்பக் கட்டவில்லை. அந்த வெள்ளம் எட்டிய உயரத்தைக் குறிக்கும் பலகைகள் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளை அதன் அடியில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

முன்பதிவு

எல்லா முன்பதிவும் ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு இணையதளத்தில்தான். மாதந்தோறும் 15-ஆம் தேதி, பசிபிக் நேரப்படி காலை 7 மணிக்கு, ஒரு மாதத்துக்கான இடங்கள் மொத்தமாகத் திறக்கப்படும். எடுத்துக்காட்டாக, பிப்ரவரி 15 அன்று திறப்பது ஜூன் 15 முதல் ஜூலை 14 வரை வந்து சேரும் நாட்களுக்கானது. நார்த் பைன்ஸுக்கு அண்மை ஆண்டுகளில் இதற்கு முன்பே குலுக்கல் முறையும் நடந்திருக்கிறது. ஆற்றோரம்தான் வேண்டும் என்பவர்கள் அந்த அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

முந்தைய நாள் இரவே கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லையும் வங்கி அட்டை விவரத்தையும் சரிபார்த்துவிடுங்கள். விருப்பமான தளங்களின் எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள், குறைந்தது பத்து. காலை 6.45 மணிக்கே உள்நுழைந்து, தேதிகளைத் தேர்ந்து காத்திருங்கள். 7 மணி அடித்ததும் முதல் எண்ணை அழுத்துங்கள். அது போய்விட்டால் வருந்தி நிற்காமல் அடுத்ததற்குப் போங்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். கணவன் ஒரு கணினியிலும் மனைவி இன்னொன்றிலும் உட்கார்ந்து வெவ்வேறு முகாம்களைத் தேடுவது பலன் தரும்.

வெள்ளி, சனி இரவுகளை விட்டு ஞாயிறு முதல் வியாழன் வரை கேட்பவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. அன்று கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. நான்கைந்து மாதங்களுக்கு முன்னால் எடுத்தவர்களில் பலர் பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போது விட்டுவிடுகிறார்கள். காலியானால் தெரிவிக்கும் அறிவிப்பு வசதியை அந்த இணையதளத்திலேயே போட்டு வைக்கலாம். நான் தங்கியதில் பாதிக்கு மேல் இப்படிக் கடைசி நேரத்தில் கிடைத்த இடங்கள்தான். ஒரே தளத்தில் மூன்று இரவு என்று பிடிவாதம் பிடிக்காமல், ஒவ்வோர் இரவாகச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருங்கள்.

ஒரு தளத்தில் குழந்தைகளையும் சேர்த்து ஆறு பேர், இரண்டு வண்டிகள். கைக்குழந்தையும் கணக்கில் வரும். இரண்டு குடும்பமாகச் சேர்ந்து எட்டுப் பேர் என்றால் இரண்டு தளங்கள் எடுத்தே ஆக வேண்டும். தளத்துக்கு ஓர் இரவுக்கு 36 டாலர். பூங்கா நுழைவுக்கு வண்டிக்கு 35 டாலர் தனி. ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் இன்னொரு செலவையும் கணக்கில் சேருங்கள்: 2026 தொடக்கத்திலிருந்து, அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிறைந்தவர்களுக்கு யோசெமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டிருக்கிறது.

யார் பெயரில் பதிவோ அவர் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும். நண்பர் எடுத்துக் கொடுத்த இடத்தில் நண்பர் இல்லாமல் தங்க முடியாது. மே 1 முதல் செப்டம்பர் 15 வரையான காலத்தில் பள்ளத்தாக்கில் மொத்தம் ஏழு இரவுகளுக்கு மேல் ஒருவர் தங்கக் கூடாது.

எந்தத் தளம்?

வரைபடத்தில் ஆற்றை ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்ததும் கை தானாக அதற்குப் போகும். பொறுமையாக இன்னும் இரண்டைப் பாருங்கள். கழிப்பறைக்கு நேர் எதிரில் இருக்கும் தளத்தில் இரவு முழுவதும் கதவு சாத்தும் ஓசையும் விளக்கு வெளிச்சமும் ஓயாது. அதிலிருந்து மூன்று நான்கு தளம் தள்ளியிருப்பது முதியவர்களுக்கும் வசதி, தூக்கத்துக்கும் நல்லது. சாலை வளைவின் உட்புறத்தில் இருப்பவை நாலாபுறமும் திறந்து கிடக்கும். வெளிப்புறத்தில் இருப்பவற்றுக்குப் பின்னால் மரங்களாவது இருக்கும்.

நடக்கப் பழகும் குழந்தை வீட்டில் இருந்தால் ஆற்றோரத் தளத்தை எடுக்க வேண்டாம். நீங்கள் கூடாரக் கம்பியை மாட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்தில் அது கரைக்குப் போய்விடும். மூன்று நாளும் தாய் ஒருத்தி கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது விடுமுறை ஆகாது.

மூட்டை கட்டுதல்

ஒவ்வொரு தளத்திலும் ஒரு மர மேசை, நெருப்பு வளையம், உணவைக் கரடியிடமிருந்து காக்கும் இரும்புக் கரடிப் பெட்டி இருக்கும். முகாமில் குடிநீர்க் குழாயும் தண்ணீர் ஓடும் கழிப்பறையும் உண்டு. மின்சாரம் கிடையாது. குளியலறை கிடையாது; பக்கத்து விடுதிப் பகுதியான கரி வில்லேஜில் கட்டணம் கட்டிக் குளிக்கலாம். மற்ற எல்லாவற்றையும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

மண் கடினமானது, கருங்கல் துகள் இறுகிய தரை. மெல்லிய அலுமினிய முளைகள் வளைந்துவிடும். இரும்பு முளைகளும் ஒரு சுத்தியலும் கட்டாயம். கூடாரத்தின் அடியில் விரிக்கத் தார்ப்பாய், ஆளுக்கொரு ஹெட்லாம்ப், கம்பளித் தொப்பி, தரையின் குளிர் ஏறாமல் இருக்கத் தடித்த பாய். காற்றடைத்த மெத்தை மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் விடியற்காலை மூன்று மணிக்கு முதுகு சில்லிட்டு எழுந்துகொள்வார்கள். மெத்தைக்கு மேல் ஒரு கம்பளி விரித்தால் தீர்ந்தது.

சமையலுக்கு இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. 4,000 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும், எரிவாயுவும் தீரும். சிறிய பிரஷர் குக்கர் இருந்தால் நல்லது. ஆனால் நான் கண்ட வழி, பாதிச் சமையலை வீட்டிலேயே முடித்துவிடுவது. புளிக்காய்ச்சல், வதக்கிய வெங்காயம் தக்காளி, சப்பாத்தி, முதல் நாளுக்கு எலுமிச்சைச் சோறு. முகாமில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாறை முகட்டில் மாலை வெயில் சிவந்து மறைந்துவிடும்.

விறகைத் தொலைவிலிருந்து கொண்டுவராதீர்கள். அதோடு மரங்களைக் கொல்லும் பூச்சிகளும் வரும். அருகில் விற்பதை வாங்குங்கள். பள்ளத்தாக்கில் தரையில் கிடக்கும் சுள்ளியையோ பைன் காயையோ பொறுக்கி எரிக்கவும் அனுமதி இல்லை.

போய்ச் சேரும் நாள்

பள்ளத்தாக்கினுள் பெட்ரோல் நிலையம் இல்லை. எந்த வழியில் வந்தாலும் மலையேறும் முன் நிரப்பிவிடுங்கள். வரைபடத்தைக் கைபேசியில் முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடைக் கூட்டத்தில் அலைவரிசையை நம்ப முடியாது. சில ஆண்டுகளில் பூங்காவுக்குள் நுழையவே தனி முன்பதிவு கேட்டதுண்டு. முகாம் பதிவு வைத்திருப்பவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கிளம்புமுன் அந்த ஆண்டின் விதியைப் பாருங்கள்.

தளம் உங்கள் கைக்கு வருவது நண்பகல் 12 மணிக்கு. கோடை வார இறுதிகளில் காலை பத்து மணிக்கெல்லாம் சாலைகள் திணறத் தொடங்கிவிடும். ஆகவே அதிகாலையில் கிளம்பி எட்டு ஒன்பது மணிக்குள் உள்ளே வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு சிறு நடையை முடித்துக்கொண்டு நண்பகலுக்குத் தளத்துக்குப் போங்கள். அதன்பிறகு ஊர் திரும்பும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். இலவசப் பேருந்து பள்ளத்தாக்கைச் சுற்றி வருகிறது. மிதிவண்டிப் பாதை மட்டும் 12 மைல் நீளம்.

கூடாரத்தை வெளிச்சம் இருக்கும்போதே, வீட்டில் ஒருமுறை பிரித்துப் பழகிய கையோடு போடுங்கள். நெருப்பு வளையத்தின் புகை வராமல் காற்று வரும் பக்கத்தில், பட்ட மரங்களுக்கும் காய்ந்த கிளைகளுக்கும் கீழே இல்லாமல், தளத்தின் எல்லைக்குள்.

கரடிப் பெட்டி

இதை மட்டுமாவது முழுமையாகப் படியுங்கள்.

இங்கே இருப்பவை கருங்கரடிகள். பெயர்தான் கருங்கரடி, பலவும் பழுப்பு நிறம். மனிதரை வேட்டையாட அவை வருவதில்லை. உணவின் மணத்துக்கு வருகின்றன. ஒருமுறை மனிதர் உணவைத் தின்று ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், துணிச்சல் கொள்ளும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலைக்கே அது கொண்டுபோய் விடுகிறது. 1998-இல் மட்டும் இந்தப் பூங்காவில் கரடிகளால் 1,500க்கும் மேற்பட்ட சேத நிகழ்வுகள் பதிவாயின. காரின் கதவை மேலிருந்து பிடித்து வளைத்துக் கீழே இறக்கிவிடும் வலிமை அவற்றுக்கு உண்டு. இரும்புப் பெட்டிகளும் கண்டிப்பான விதிகளும் வந்த பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆகவே பெட்டியைப் பூட்டுவது உங்கள் பொருளைக் காப்பதைவிடக் கரடியின் உயிரைக் காக்கும் செயல்.

பெட்டி 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம். உங்கள் ஐஸ் பெட்டியின் உயரத்தை வீட்டிலேயே அளந்து பாருங்கள். 18 அங்குலத்தைத் தாண்டினால் உள்ளே போகாது. உணவைக் காரில் இரவு வைக்க அனுமதி இல்லை.

உள்ளே வைக்க வேண்டியது சாப்பாடு மட்டும் என்று நினைப்பதில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். மணம் வீசும் எதுவும் உள்ளே போக வேண்டும். பற்பசை, சோப்பு, வெயில் களிம்பு, உதட்டுக் களிம்பு, தேங்காய் எண்ணெய்ச் சீசா, தைலம், ஊதுவத்தி, கற்பூரம், குழந்தையின் பால் புட்டி, துடைக்கும் ஈரத்தாள், இருமல் மருந்து, வாயில் போடும் பாக்குப் பொட்டலம், காலித் தண்ணீர்ப் பாட்டில்கூட. பொடி டப்பாவைத் துடைத்த கைத்துணியும் அதில் சேர்த்தி.

ஒருமுறை எல்லாவற்றையும் அடுக்கிப் பூட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம். என் மகள் காரிலிருந்து தன் இருக்கையை இழுத்துக்கொண்டு வந்தாள். அதைத் தலைகீழாகத் தட்டினால் மடிப்புகளிலிருந்து ஒரு கைப்பிடி முறுக்குத் துகளும் நான்கு உலர்திராட்சையும் காய்ந்த தயிர்ச் சோற்றுப் பருக்கைகளும் விழுந்தன. குழந்தை இருக்கை இருக்கும் ஒவ்வொரு காரிலும் இது நடக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாளே இருக்கையைக் கழற்றித் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்து, கதவுப் பைகளையும் கைப்பெட்டி அறையையும் காலி செய்துவிடுங்கள்.

பெட்டியைச் சமைக்கும் நேரத்திலும் திறந்தே போடக் கூடாது. எடுத்ததும் மூடி, கொக்கியை முழுவதும் மாட்டுங்கள். பகலில் மேசையிலிருந்து பத்தடி தள்ளிப் போனாலும் ரொட்டிப் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போங்கள்; கரடி வருமுன் அணிலும் நீலநிற ஜே பறவையும் வந்துவிடும். அணிலுக்குக் கையால் ஊட்டாதீர்கள். கடிக்கும், நோயும் பரப்பும்.

கரடி முகாமுக்குள் வந்தால் ஓடாதீர்கள். எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து நின்று, உரக்கக் கத்தி, பாத்திரத்தைத் தட்டித் துரத்துங்கள். அது போக வழி விட்டு நில்லுங்கள். மற்ற நேரங்களில், காட்டில் கண்டால், 50 கஜத் தொலைவு விட்டு நிற்க வேண்டும். கரடி விரட்டும் காரத் தெளிப்பானை இந்தப் பூங்காவுக்குள் கொண்டுவர அனுமதி கிடையாது. கரடியைப் பார்த்ததை ரேஞ்சரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுப்பும் நெருப்பும்

மே 1 முதல் செப்டம்பர் 30 வரை பள்ளத்தாக்கில் மாலை 5 முதல் இரவு 10 மணி வரை மட்டுமே விறகு நெருப்பு மூட்டலாம். நூற்றுக்கணக்கான தளங்களில் ஒரே நேரத்தில் புகை எழுந்தால் இந்தச் செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவில் அது வெளியேற வழியின்றி நிற்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தை மறக்காதீர்கள். காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாட்களில் நெருப்பையே தடை செய்வதுண்டு. அதனால் சமையலை விறகை நம்பி வைக்காதீர்கள்.

அணைக்கும்போது தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்துச் சூடு இல்லை என்றால்தான் படுக்கப் போக வேண்டும்.

பாத்திரம் கழுவும் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. ஆற்றில் கழுவக் கூடாது. குடிநீர்க் குழாயின் அடியிலும் கூடாது. மக்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் ஆற்றில் அதற்கு இடமில்லை. தட்டைத் தாளால் நன்றாகத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு வாளியில் கழுவி, அழுக்கு நீரை அதற்கென்று முகாமில் ஒதுக்கியிருக்கும் இடத்தில் ஊற்றுங்கள். குழம்புத் தண்ணீரைத் தளத்து மண்ணில் ஊற்றினால் உங்களுக்கு அடுத்து வருபவர் கூடாரத்தைத் தேடிக் கரடி வரும்.

ஆறு

கூடாரத்திலிருந்து பார்க்கும்போது மெர்செட் சாதுவாகத் தெரியும். பச்சைக் கண்ணாடி போன்ற நீர், அடியில் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக எண்ணலாம். இந்தத் தெளிவே ஆழத்தைக் குறைத்துக் காட்டும். முழங்கால் அளவு என்று இறங்கினால் இடுப்பு வரை வரும்.

மே, ஜூனில் இந்த ஆற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. உயரத்தில் பகல் வெயிலில் உருகும் பனி பள்ளத்தாக்குக்கு வந்து சேரப் பல மணி நேரமாகிறது. அதனால் நீர்மட்டம் இரவில் ஏறி, மறுநாள் பகலில் சற்று இறங்கும். மாலையில் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்து, காலையில் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். குச்சி நீருக்குள் நிற்கும். அதைக் கண்ணால் கண்ட குழந்தைக்கு ‘ஆற்றின் அருகில் போகாதே’ என்று நூறு முறை சொல்ல வேண்டியதில்லை. இரவில் நாற்காலியையும் செருப்பையும் கரையில் விட்டுவிட்டு வந்தால் அவை இருக்காது என்பதும் தெரிந்துவிடும்.

அந்த நீர் சில மணி நேரத்துக்கு முன்பு பனியாக இருந்தது. அதில் விழுந்தவருக்கு முதலில் மூச்சு திணறும், பிறகு கைகால் சொன்னபடி கேட்காது. நன்றாக நீச்சல் தெரிந்தவர்களும் இதில் தப்பவில்லை. ஊரில் கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்தி வளர்ந்தவர்கள் அந்தத் தைரியத்தில் இறங்க வேண்டாம். அந்தத் தண்ணீர் வேறு, இந்தத் தண்ணீர் வேறு.

ஜூலை பிற்பகுதிக்குமேல் மணல் திட்டுள்ள வளைவுகளில், நீர் நிதானமாக ஓடும் இடத்தில் குழந்தைகளைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு இறக்கலாம். கிளைகளும் சாய்ந்த மரங்களும் நீரில் கிடக்கும் பக்கம் போகக் கூடாது. நீரோட்டம் அவற்றின் ஊடாகப் போய்விடும், மனித உடல் சிக்கிக்கொள்ளும். அருவிகளுக்கு மேலே எந்த மாதமும் ஆற்றில் இறங்கவே கூடாது. 2011 ஜூலையில் வெர்னல் அருவியின் உச்சியில், தடுப்புக்கு அப்பால் நீருக்குப் போன மூவர் கூடியிருந்தவர்களின் கண்ணெதிரே அடித்துச் செல்லப்பட்டார்கள்.

காற்றடைத்த ரப்பர் படகில் மிதப்பது ஆகஸ்டின் பெரிய இன்பம். ஸ்டோன்மேன் பாலத்துக்கும் சென்டினல் பீச் எனப்படும் ஆற்று மணல் கரைக்கும் இடையே, நீர்மட்டம் இறங்கிய பிறகு அனுமதிப்பார்கள். ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை, குழந்தைகளுக்கு உடம்பில் போட்டே இருக்க வேண்டும்.

கரைக்கு இறங்கும்போது எங்கே இறங்குகிறீர்கள் என்று பாருங்கள். மணல் திட்டு வழியாக இறங்குங்கள். புல்லும் வில்லோப் புதரும் இருக்கும் மேட்டில் கால் வைத்துச் சரிந்து இறங்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் ஆயிரமாயிரம் கால்கள் மிதித்து வேர்கள் செத்து, கரை இடிந்து, ஆறு அகன்று ஆழம் குறைந்துபோயிருக்கிறது. வேலி போட்டிருக்கும் இடமெல்லாம் அந்தப் புண் ஆறிக்கொண்டிருக்கும் இடம். மெர்செட்டின் இந்தப் பகுதி 1987-இல் நாட்டின் காக்கப்பட்ட காட்டாறுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2014-இல் வந்த ஆற்றுத் திட்டத்தில் கூடாரத் தளங்களைக் கரையிலிருந்து தள்ளி வைக்க முடிவெடுத்ததும் இதனால்தான். தளத்துக்கும் நீருக்கும் நடுவில் அந்தப் புதர் வரிசை இருப்பதைப் பார்த்து ‘நீர் தெரியவில்லையே’ என்று குறைபட வேண்டாம்.

ஆற்று நீரை அப்படியே குடிக்கக் கூடாது. வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியா கிருமி அதில் இருக்கலாம். குழாய் நீர் இருக்கிறது.

இரவும் அக்கம்பக்கமும்

இரவு 10 முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். ஆனால் ஆறு மணி ஒரு நிமிடத்துக்குக் குக்கர் விசிலை அடிக்கவிடலாம் என்று அதற்குப் பொருளில்லை. பாறைச் சுவரில் மோதி அந்த ஒலி திரும்பி வரும். நாற்பது தளங்கள் விழிக்கும். காலையில் காபி, ரொட்டி, இட்லிப் பொடி போட்ட சப்பாத்தி என்று ஓசையில்லாமல் முடித்து, குக்கரைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கார்க் கதவும், தொலை இயக்கியை அழுத்தும்போது எழும் ஒலியும் இரவில் எல்லோரையும் எழுப்பும். படுக்குமுன் தேவையானதை எல்லாம் எடுத்துக்கொண்டு, சாவியால் பூட்டிவிடுங்கள். ஹெட்லாம்பில் சிவப்பு விளக்கு இருந்தால் கழிப்பறைக்குப் போகும்போது அதையே பயன்படுத்துங்கள். வெள்ளை ஒளி அடுத்த கூடாரத்தின் துணியை முழுதும் வெளுக்கும். கழிப்பறைக்குக் குறுக்குவழியாக மற்றவர் தளத்தின் ஊடே நடப்பது, அவர்கள் வரவேற்பறைக்குள் நடப்பதற்குச் சமம். சாலையைச் சுற்றிப் போங்கள்.

பிள்ளைகள் ஒன்பதரைக்குமேல் அழுதால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பெரியவர்கள் பத்தரைக்கு வைக்கும் பாட்டுக்குத்தான் கோபம் வரும். ஒலிபெருக்கியைக் கொண்டுவராமலே இருந்துவிடுங்கள். பத்து மணிக்குமேல் நெருப்புகள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகு ஆற்றின் ஓசை மெல்ல மேலே வரும். அதைக் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்.

கிளம்பும் காலை

நண்பகல் 12 மணிக்குள் தளத்தைக் காலி செய்ய வேண்டும். பத்தரைக்கே கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்குங்கள். பனி ஈரம் காய்ந்த பிறகு மடித்தால்தான் வீட்டில் நாற்றம் அடிக்காது. கரடிப் பெட்டியின் பின்மூலை வரை கைவிட்டுத் துழாவுங்கள், எப்போதும் ஒரு எண்ணெய்ச் சீசா அங்கே நிற்கும். நெருப்பு வளையத்தில் ஈயத்தாளும் முட்டை ஓடும் இருந்தால் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டு அதன் மூடியைக் கொக்கியிடுங்கள். முளைகளை எண்ணிப் பாருங்கள். மண்ணில் விட்ட ஒன்று அடுத்து வரும் குழந்தையின் காலில் ஏறும்.

மிச்சமான விறகைக் காரில் ஏற்றாதீர்கள். பக்கத்துத் தளத்தில் இப்போதுதான் வந்திறங்கிய குடும்பம், வளைந்த அலுமினிய முளையைக் கல்லால் தட்டிக்கொண்டிருக்கும். விறகை அவர்களிடம் கொடுத்து, கூடாரம் நிற்கும்வரை உங்கள் சுத்தியலையும் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கிளம்புங்கள்.